ஆண்டுதோறும் தன் ஓவியங்களைத் தானே மறைக்கும் இடம் அருங்காட்சியகம் ஆகுமா? மியாமியின் வின்வுட் வால்ஸ் பற்றி ஒரு பதில்

மியாமியில் உள்ள வின்வுட் வால்ஸுக்கு டிசம்பரில் சென்று வந்ததாகவும், சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் அங்கே எடுத்த படத்தில் இருந்த ஓவியத்தைத் தேடியபோது அதே சுவரில் வேறொருவரின் ஓவியம் இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். தொடர்ந்து மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்: திறந்தவெளித் தெருக்கலை அருங்காட்சியகம் என்று சொல்லிக்கொள்ளும் இடம் தன் ஓவியங்களைத் தானே அழிக்கலாமா, வரைந்தவருக்கு அதில் உரிமை எதுவும் கிடையாதா, தெருவில் நடந்துபோகிறவர் பார்க்க வேண்டிய கலைக்கு நுழைவுச்சீட்டு எதற்கு. மூன்றும் தனித்தனிக் கேள்விகளாகத் தோன்றினாலும், நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றையே என்று நினைக்கிறேன்: ஒரு சுவரோவியம் எப்போது போக வேண்டும் என்பதை முடிவு செய்பவர் யார்? உங்களுக்கு ஏற்கெனவே பதில் எழுதிய இருவரில் ஒருவர், தெருக்கலை என்றாலே நிலையற்றது, அதற்காக வருந்துவதில் பொருளில்லை என்கிறார். மற்றவர், நில வணிகர்கள் தெருவைக் கைப்பற்றி விற்கிறார்கள் என்கிறார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே உங்கள் கேள்வியைத் தொடாமல் போய்விட்டன.

சுவரோவியப் பாதுகாப்பில் பயிற்சி பெற்று, பதினாறு ஆண்டுகளாக வெளிச்சுவர் ஓவியங்களைச் சோதித்துப் பழுதுபார்க்கும் வேலையைச் செய்து வருகிறேன். ஆகவே சுவர், வண்ணம், வெயில் ஆகியவற்றைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்ல முடியும். சட்டத்தைப் பற்றிச் சொல்வது ஓவியர்களின் ஒப்பந்தங்களோடு பழகிய அளவில்தான். அதை வழக்கறிஞரின் ஆலோசனையாகக் கொள்ள வேண்டாம். ஒரு குடியிருப்புப் பகுதி ஏன் மாறிப்போனது என்ற இடத்தில் நான் சொல்வது என் கருத்து மட்டுமே, அதை அங்கங்கே குறித்தும் விடுகிறேன்.

வின்வுட் என்பது மியாமி நகர மையத்துக்குச் சற்று வடக்கே உள்ள பகுதி. 1950களிலிருந்து புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் அங்கே பெருமளவில் குடியேறியதால் அதற்கு 'லிட்டில் சான் ஹுவான்' என்ற செல்லப்பெயரும் இருந்தது. ஆயத்த ஆடை, காலணி வணிகத்தின் கிடங்குகள் வரிசையாக நின்ற இடம் அது. அந்த வணிகம் நலிந்தபோது கிடங்குகள் மட்டும் எஞ்சின. கலை அங்கே 2009இல் திடீரென்று வந்திறங்கியது போல இப்போது சொல்லப்படுவது சரியல்ல. 1980களிலேயே பழைய ரொட்டித் தொழிற்சாலை ஒன்று 'பேக்ஹவுஸ்' என்ற பெயரில் ஓவியர்களின் பணிக்கூடமானது. 1993இல் ரூபெல் குடும்பத்தார், போதைப்பொருள் தடுப்புத் துறை பறிமுதல் செய்தவற்றை வைத்திருந்த கிடங்கு ஒன்றை வாங்கி, தங்கள் சமகாலக் கலைத் தொகுப்பை அங்கே காட்சிக்கு வைத்தார்கள். 2002இல் ஆர்ட் பாசல் சந்தை மியாமி பீச்சில் தொடங்கியதும், ஒவ்வொரு டிசம்பரிலும் உலகின் கலை வணிகர்கள் அந்த ஊரில் கூடத் தொடங்கினார்கள். 2007இல் 'பிரைமரி ஃப்ளைட்' என்ற முயற்சி, கட்டட உரிமையாளர்களிடம் அனுமதி வாங்கி வின்வுட் தெருச் சுவர்களில் ஓவியர்களை வரையவைத்தது. அதற்கும் முன்பிருந்தே, சுவர்களில் தெளிப்பு வண்ணத்தால் பெயரும் படமும் இடும் கிராஃபிட்டிக்காரர்கள் அனுமதி கேட்காமல் வரைந்துகொண்டிருந்தார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

டோனி கோல்ட்மன் வந்தது இதற்குப் பிறகு. அவர் கலைஞர் அல்லர்; நியூயார்க்கின் சோஹோவிலும் மியாமியின் சவுத் பீச்சிலும் மதிப்பிழந்து கிடந்த பழைய கட்டடங்களை வாங்கிப் புதுப்பித்துப் பெயர் பெற்ற நிலவணிகர். சோஹோவுக்கு அருகே ஹூஸ்டன் தெருவும் பவரி தெருவும் சந்திக்கும் மூலையில், பின்னாளில் அவருக்குச் சொந்தமான ஒரு சுவர் இருந்தது. 1982இல் நியூயார்க்கின் தெருக்கலை ஓவியர் கீத் ஹேரிங் அந்தச் சுவரில் பளிச்சென்ற வண்ணங்களில் வரைந்தார். சில மாதங்களில் அது மறைந்துபோனது. 2008 மே 4 அன்று, ஹேரிங் உயிரோடிருந்திருந்தால் ஐம்பது வயதாகியிருக்கும் நாளில், கோல்ட்மனும், கலை வணிகரும் க்யூரேட்டருமான (கண்காட்சிக்குப் படைப்புகளைத் தேர்ந்து அமைப்பவர்) ஜெஃப்ரி டைட்சும் சேர்ந்து அந்த ஓவியத்தை அதே இடத்தில் மறுபடி வரையச் செய்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை. 2009இல் அதன் மேல் பிரேசிலின் ஓஸ் ஜெமியோஸ் இரட்டையர் வரைந்தார்கள். அதற்கடுத்த ஆண்டு ஷெப்பர்ட் ஃபேரி வரைந்தார். அதன்பின் கென்னி ஷார்ஃப். ஒரே சுவர், குறிப்பிட்ட காலம் கழிந்ததும் அடுத்த ஓவியர், தேர்வு செய்பவர் சுவருக்குச் சொந்தக்காரர்: வின்வுட் வால்ஸின் முறை முழுவதும் அந்த ஒற்றைச் சுவரில் இருக்கிறது. அதே கோல்ட்மனும் டைட்சும் 2009 டிசம்பரில், ஆர்ட் பாசல் வாரத்தில், ஆறு கிடங்குகளைக் கொண்ட ஒரு வளாகத்தில் அதைப் பெரிதாக்கினார்கள். கிடங்கு என்பதால் சன்னல்கள் கிடையாது. பொருளை வெயிலிலிருந்து காக்கக் கட்டிய குருட்டுச் சுவர்கள் ஓவியர்களுக்குத் தடங்கலில்லாத பரப்பாகிவிட்டன.

இப்போது 'தெருக்கலை நிலையற்றதுதானே' என்ற வாதத்துக்கு வருகிறேன். அது உண்மை, ஆனால் பாதி உண்மை. கிராஃபிட்டி உலகில் ஒன்றின் மேல் ஒன்று வரைவதற்கு எழுதப்படாத ஒழுங்கு உண்டு. பெயரை ஒரே வீச்சில் எழுதிப் போவது டேக். இரண்டு வண்ணத்தில் விரைவாக ஊதிப் பெருக்கிய எழுத்து த்ரோ-அப். மணிக்கணக்காக உழைத்து முழு வண்ணத்தில் செய்வது பீஸ். டேக்கின் மேல் த்ரோ-அப் வரலாம், த்ரோ-அப்பின் மேல் பீஸ் வரலாம். தலைகீழாகச் செய்தால் அது அவமதிப்பு, சண்டைக்கு அழைப்பு. அதாவது மறைக்கிறவர் மறைக்கப்படுவதைவிடக் கூடுதலாக உழைத்துக் காட்ட வேண்டும். அந்த ஒழுங்கு எப்போதும் காக்கப்பட்டது என்று நான் சொல்லவில்லை, ஆனால் மதிப்பிடுவோரும் மதிப்பிடப்படுவோரும் அங்கே ஒரே கூட்டத்தினர். வின்வுட் வால்ஸில் சுவரின் வாழ்நாளைத் தீர்மானிப்பது இன்னோர் ஓவியரின் திறமை அன்று. வளாகத்தின் உரிமையாளரும் க்யூரேட்டரும் டிசம்பர் மாதமுமே. அழிவு இரண்டு இடத்திலும் உண்டு, அழிக்கும் உரிமை கைமாறியிருக்கிறது. உங்கள் மனத்தில் உறுத்தியது இந்தக் கைமாற்றம்தான் என்று எனக்குப் படுகிறது.

ஆனால் ஆண்டுக் கண்காட்சி என்பதை வெறும் வெள்ளையடிப்பாகப் பார்ப்பதும் நியாயமாகாது. ஒவ்வோர் ஆண்டும் எல்லாச் சுவர்களும் மாறுவதில்லை. சில மாறும், சில நீடிக்கும், புதிய பரப்புகள் சேரும். 2010இல் உருட்டு ஷட்டர் கதவுகளை ஓவியப் பரப்பாக்கி 'வின்வுட் டோர்ஸ்' என்று சேர்த்தார்கள். 2012 செப்டம்பரில் டோனி கோல்ட்மன் இறந்தார். ஷெப்பர்ட் ஃபேரி 2009இல் தாம் வரைந்திருந்த சுவருக்குத் திரும்பி வந்து, கோல்ட்மனின் முகத்தையும் சேர்த்துப் புதிதாக வரைந்தார். மறைத்து வரைதல் அஞ்சலியாகவும் இருக்க முடியும் என்பதற்கு அந்தச் சுவர் சான்று. அதன்பின் மகள் ஜெசிகா கோல்ட்மன் ஸ்ரெப்னிக் பொறுப்பேற்றார். 2013 கண்காட்சி 'விமன் ஆன் த வால்ஸ்' என்ற பெயரில் பெண் ஓவியர்களுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டது. இதை ஒரு விளம்பர உத்தி என்று தள்ளுகிறவர்களோடு நான் உடன்படமாட்டேன். இரவில் சுவர் ஏறுவதும் ரயில் நிலையக் கொட்டடிக்குள் நுழைவதும் ஆண்களின் வேலை என்று நம்பிய ஓர் உலகில், லேடி பிங்க் பதின்வயதிலேயே நியூயார்க் சுரங்க ரயில்களில் வரைந்தவர், 1979 முதல் 1985 வரை. எக்குவடோரில் பிறந்த அவருக்கும், கேப் டவுனிலிருந்து வந்த ஃபெய்த்47க்கும், டோக்கியோவில் பிறந்து, வெட்டுத்தாளின் மேல் வண்ணம் தெளிக்கும் ஸ்டென்சிலைத் தன் மொழியாக்கிக்கொண்ட ஐகோவுக்கும், வடிவகணித வண்ணப் பின்னல்களை வரையும் மாயா ஹயுக்குக்கும் ஒரே வளாகத்தில் பெரிய சுவர்கள் கிடைத்தது அதற்கு முன் அரிதாகவே நடந்த ஒன்று. 2015இல் 'வால்ஸ் ஆஃப் சேஞ்ச்' என்ற தலைப்பில் வந்தவர்களில் அரபு எழுத்தைச் சுவரளவுக்கு வளர்க்கும் எல் சீட், சிலியின் இன்டி, நியூயார்க் ரயில் காலத்தவரான கிராஷ் ஆகியோர் இருந்தார்கள். அதே ஆண்டு வந்த எர்னஸ்ட் ஸகாரெவிச்சைப் பெயரால் அறியாவிட்டாலும் நம்மவர்களில் பலர் அவர் ஓவியத்தோடு நின்று படம் எடுத்திருப்பார்கள்: பினாங்கின் ஜார்ஜ் டவுனில், ஆர்மீனியன் தெருவில், உண்மையான மிதிவண்டியைச் சுவரோடு பொருத்தி அதில் இரண்டு குழந்தைகள் ஓட்டிச்செல்வதுபோல் 2012இல் வரைந்தவர் அவரே.

ஓவியர்களின் இந்தத் தேர்வைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். 2009இல் வந்தவர்கள் புதுமுகங்கள் அல்லர். ஃப்யூச்சுரா 1980இல், எழுத்தை முதன்மையாக்காமல் வண்ணப் புகையாலேயே ஒரு முழு ரயில்பெட்டியை நிரப்பி கிராஃபிட்டியை அருவ ஓவியத்துக்குக் கொண்டுசென்றவர். கென்னி ஷார்ஃப் ஹேரிங்கின் நெருங்கிய தோழர், 1980களின் நியூயார்க் ஈஸ்ட் வில்லேஜ் ஓவியர் வட்டத்தவர். ஓஸ் ஜெமியோஸும் நுன்காவும் 2008இல் லண்டன் டேட் மாடர்னின் வெளிச்சுவரில் வரைந்தவர்கள். ஓர் அருங்காட்சியகம் தெருக்கலையை உள்ளே கொண்டுபோகாமல் தன் புறச்சுவரையே அதற்குக் கொடுத்த நிகழ்வு அது, அங்கும் சில மாதங்களில் சுவர் பழைய செங்கல்லுக்குத் திரும்பிவிட்டது. ஏதென்ஸின் ஸ்டெலியோஸ் ஃபைட்டாகிஸ் பைசாந்தியத் திருவுருவ ஓவியத்தின் பொன்னிறத்தையும் தட்டையான முகங்களையும் இன்றைய கலவரங்களுக்குப் பயன்படுத்தியவர். ஆக வின்வுட் வால்ஸ் தொடங்கியபோதே அது தெருவின் இயல்பான விளைச்சலாக இல்லை. தெருவில் தேறியவர்களை உலகெங்கும் தேடி அழைத்துவந்த காட்சிக்கூடம் அது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்த அளவுகோலால் அதை அளக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அந்த வளாகத்தில் வரைந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் போர்ச்சுகலின் வில்ஸ். அவர் சுவரில் எதையும் பூசுவதில்லை. துளைக்கருவியாலும் உளியாலும் காரையைக் கொத்தி எடுத்து, எடுத்த ஆழத்தின் வேறுபாட்டாலேயே ஒரு முகத்தைக் கொண்டுவருவார். மற்றவர்கள் ஒன்றை மறைத்து இன்னொன்றை வரையும் இடத்தில், மறைந்ததைத் தோண்டி எடுப்பதையே வரைதலாக்கியவர் அவர். அவருடைய சுவரை வெறும் பெயின்ட் அடித்து இல்லாமலாக்கவும் முடியாது. காரை பூசி நிரப்ப வேண்டும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். ஓவியங்களை அப்படியே காப்பாற்றிவிட முடியாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். அதற்கு நேரான பதில்: சில ஆண்டுகளுக்கு முடியும், பல பத்தாண்டுகளுக்கு அதே நிறத்தில் முடியாது. மியாமியின் வெயில் கடுமையானது, காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் உண்டு, புயல் மழை சுவரில் நேராக அறையும். தெளிப்பு வண்ணத்தின் படலம் மிக மெல்லியது. அதில் உள்ள நிறமிகளும் ஒரே வலிமை கொண்டவை அல்ல. இரும்பு ஆக்சைடால் ஆன காவி நிறங்கள், கரிக் கறுப்பு, தாலோசயனின் நீலமும் பச்சையும் வெயிலை நன்றாகத் தாங்கும். கரிம நிறமிகளால் ஆன சிவப்பும் மஞ்சளும் இளஞ்சிவப்பும் முதலில் சோரும். ஒளிர்வண்ணங்கள் எல்லாவற்றையும்விட விரைவாக, சில நேரம் மாதக்கணக்கிலேயே, சாயம் போய்விடும். அதனால் பழைய சுவரோவியம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் மங்குவதில்லை. முகத்தின் செம்மை போய் நீல நிழல் மட்டும் எஞ்சி, ஓவியர் நினைக்காத ஒரு நோயாளி முகம் வந்துவிடுகிறது. நிறமியைப் பிடித்துவைத்திருக்கும் பிசின் வெயிலில் சிதையும்போது, கையை வைத்தால் மாவு போல ஒட்டும். சுவரின் பக்கத்திலிருந்து வரும் கேடு வேறு: அடித்தளத்திலிருந்து ஓதம் ஏறி, அதோடு உப்பும் ஏறி, படலத்துக்குப் பின்னால் உப்பு பூத்து, வண்ணத்தைக் கொப்புளமாகத் தள்ளிவிடும். புதுக் காரை முழுதாக உலர்வதற்கு ஏறத்தாழ நான்கு வாரம் பொறுக்காமல் ப்ரைமர் (அடிப்பூச்சு) அடித்தால் இந்தத் தொல்லை முதல் ஆண்டிலேயே வரும். கண்காட்சிக்கு நாள் குறித்துவிட்ட இடங்களில் இந்தப் பொறுமை கிடைப்பது எளிதன்று.

மேலே ஒரு தெளிவான காப்புப் பூச்சு அடித்துவிட்டால் போதுமே என்று எல்லாரும் கேட்பார்கள். ஒரு கடற்கரை நகரில் தனியார் கட்டடம் ஒன்றின் சுவரோவியத்துக்கு, நான் வேண்டாமென்று எழுதிக்கொடுத்த பிறகும், கெட்டியான பளபளப்புப் பூச்சு அடித்தார்கள். முதல் ஆண்டு கண்ணாடி போல அழகாக இருந்தது. மூன்றாம் மழைக்காலத்துக்குப் பின் சுவருக்குள் சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல், பூச்சு பாலாடை போல வெளுத்து உரிந்தது. உரியும்போது அடியிலிருந்த வண்ணத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு வந்தது. அந்த ஓவியத்தை என்னால் மீட்க முடியவில்லை, இன்றும் அந்தச் சுவரை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மூச்சுவிடும் பூச்சுகள் உண்டு, கழற்றி மாற்றக்கூடிய மெழுகுப் பூச்சுகளும் உண்டு. அவை வாழ்நாளைச் சற்று நீட்டும், நிறுத்தாது. அதன்பின் இருக்கும் வழி மறுபடி வண்ணம் தீட்டுவது. அங்கே வேறொரு கேள்வி வரும்: ஓவியர் தாமே வந்து தீட்டினால் அது அவருடைய புதிய ஓவியம், நான் தீட்டினால் அவருடைய கையின் நகல். தெளிப்புக் குப்பியின் முனையில் பொருத்தும் 'கேப்' என்ற தெளிப்பு மூடியை மாற்றிக் கோட்டின் தடிமனை மாற்றுவதும், தூரத்தை மாற்றி விளிம்பைப் புகையாக்குவதும் ஒருவரின் கையெழுத்து போன்றவை. மங்கிய எட்டு ஆண்டுச் சுவர் ஒன்றின் முன் நிற்கும் ஓவியர்களில் பலர், இதைத் தொட வேண்டாம், புதிதாக ஒன்று வரைகிறேன் என்றுதான் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே எல்லா அழிவும் உரிமையாளரின் விருப்பத்தால் வருவது என்று எண்ண வேண்டாம்.

வரைந்தவருக்கு உரிமை உண்டா என்ற கேள்விக்கு அமெரிக்கச் சட்டம் ஒரு தெளிவான விடையும் ஒரு பெரிய ஓட்டையும் வைத்திருக்கிறது. 1990இன் காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டம், மதிப்பு ஏற்கப்பட்ட படைப்பை வேண்டுமென்றே அழிப்பதைத் தடுக்கும் உரிமையை, சுவர் யாருடையதாக இருந்தாலும், படைத்தவருக்குத் தருகிறது. இது தெளிப்பு வண்ண ஓவியத்துக்கும் பொருந்தும் என்பதை நியூயார்க் குயின்ஸ் பகுதியில் இருந்த ஃபைவ் பாயின்ட்ஸ் வழக்கு நிலைநாட்டியது. பல ஆண்டுகள் உரிமையாளரின் அனுமதியோடு ஓவியர்கள் வரைந்துவந்த அந்தத் தொழிற்சாலைக் கட்டடத்தை, இடிப்பதற்கு முன்பே, 2013 நவம்பரில் ஓர் இரவில் வெள்ளையடித்துவிட்டார்கள். 2018 பிப்ரவரியில் நீதிபதி ஃப்ரெடரிக் பிளாக், 45 ஓவியங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 1,50,000 டாலர் வீதம், 21 ஓவியர்களுக்கு மொத்தம் 67.5 லட்சம் டாலர் தரச் சொன்னார். 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான பகுதி மேல்முறையீட்டுத் தீர்ப்பில் இருக்கிறது: ஒரு படைப்பு தற்காலிகமானது என்பதாலேயே அது மதிப்பிழந்துவிடாது என்று அந்த நீதிமன்றம் கூறியது. தெருக்கலை எப்படியும் போகத்தானே போகிறது என்ற வாதம் சட்டத்தின் முன் அங்கே நிற்கவில்லை. ஓட்டை எதுவென்றால், ஓவியர் கையெழுத்திட்டு எழுத்துமூலமாக இந்த உரிமையை விட்டுக்கொடுக்கலாம். சுழற்சி முறையில் சுவர்களை மாற்றும் இடங்கள் அழைப்புக் கடிதத்தோடு இத்தகைய உடன்பாட்டையும் வாங்கிக்கொள்வது ஃபைவ் பாயின்ட்ஸுக்குப் பின் பொது வழக்கம். என்னிடம் ஆலோசனை கேட்கும் இளம் ஓவியர்களிடம், கையெழுத்திட வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. எத்தனை மாதம் சுவர் இருக்கும், அழிப்பதற்கு எத்தனை நாள் முன்னதாகச் சொல்வார்கள், அழிக்கும் முன் முழு அளவில் படமெடுத்துத் தருவார்களா என்ற மூன்றையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள் என்கிறேன்.

இந்தியாவிலும் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு இதையொத்த உரிமையைத் தருகிறது. தில்லி விஞ்ஞான் பவனிலிருந்து 1979இல் பெயர்க்கப்பட்ட வெண்கலச் சுவர்ச்சிற்பத்துக்காக அமர்நாத் சேகல் நடத்திய வழக்கில், 2005இல்தான் தில்லி உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உரிமை இருப்பதும் அது உரிய காலத்தில் கைக்கு வருவதும் ஒன்றல்ல என்பதற்காக இதைக் குறிப்பிட்டேன்.

நுழைவுச்சீட்டைப் பொறுத்தவரை, முதல் பத்தாண்டுகளில் வளாகத்துக்குள் செல்ல யாரும் காசு கேட்கவில்லை. பெருந்தொற்றுக் காலத்தை ஒட்டித்தான் சீட்டு வந்தது. ஆனால் அந்த முதல் பத்தாண்டிலும் அது இலவச சேவையாக இருந்தது என்று நான் கருதவில்லை. ஓவியங்களைப் பார்க்க வந்தவர்களால் சுற்றியுள்ள உணவகங்களும் கடைகளும் வாடகையும் வளர்ந்தன, அந்தப் பகுதியில் பல மனைகளை முன்கூட்டியே வாங்கியிருந்தவர் கோல்ட்மன். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. 2015இல் மியாமி நகரம் வின்வுட்டின் கட்டட விதிகளை மாற்றி, அடுக்குமாடிகளுக்கும் கடைகளுக்கும் வழிவிட்டது. வாடகை உயர்ந்ததால் பல சிறிய காட்சிக்கூடங்கள் லிட்டில் ரிவர், லிட்டில் ஹைட்டி, அலபட்டா பகுதிகளுக்குப் போயின. ரூபெல் தொகுப்பே 2019 டிசம்பரில் அலபட்டாவுக்கு இடம்பெயர்ந்தது. உறுதியாகச் சொல்ல முடியாதது, இந்த மாற்றத்தில் சுவரோவியங்களின் பங்கு எவ்வளவு என்பது. மியாமி முழுவதிலும் அந்த ஆண்டுகளில் நில விலை ஏறியது. நகர மையத்துக்கு இவ்வளவு அருகில் இருந்த கிடங்குப் பகுதி ஓவியம் இல்லாமலும் மாறியிருக்கலாம். என் கருத்து இதுதான்: ஓவியங்கள் அந்த மாற்றத்தை உண்டாக்கவில்லை, ஆனால் அதை விரைவுபடுத்தின, அதற்கு விரும்பத்தக்க முகத்தைக் கொடுத்தன. புவேர்ட்டோ ரிக்கோ குடும்பங்களின் நினைவு அந்த முகத்தில் மிகச் சிறிய இடத்தையே பெற்றிருக்கிறது. உலகெங்கிலுமிருந்து ஓவியர்களை அழைத்துவர முடிந்த ஓர் இடம், இரண்டு தெரு தள்ளி வாழ்ந்தவர்களின் கதைக்கு இன்னும் கூடுதலான சுவர்களைத் தந்திருக்கலாம்.

அப்படியானால் அது அருங்காட்சியகமா? அனைத்துலக அருங்காட்சியக மன்றம் 2022 ஆகஸ்டில் பிராகில் ஏற்ற வரையறை, இலாப நோக்கமற்ற, நிலையான, சமூகத்துக்குப் பணிசெய்யும் நிறுவனம் என்று தொடங்கி, ஆராய்தல், சேகரித்தல், பாதுகாத்தல், விளக்குதல், காட்சிப்படுத்தல் என்ற ஐந்து வேலைகளையும் சேர்த்துச் சொல்கிறது. வின்வுட் வால்ஸ் ஒரு நிலவணிக நிறுவனத்தின் சொத்து. வளாகத்திலேயே அந்த ஓவியர்களின் படைப்புகளை விற்கும் காட்சிக்கூடமும் இருக்கிறது. ஐந்தில் காட்சிப்படுத்தலை அது மிகச் சிறப்பாகச் செய்கிறது. பாதுகாத்தலைச் செய்யவில்லை, அதன் முறையே அதற்கு எதிரானது. ஆகவே திறந்தவெளிக் காட்சிக்கூடம் என்று அதைச் சொன்னால் எனக்கு மறுப்பில்லை; அருங்காட்சியகம் என்று சொன்னால், அந்தச் சொல்லோடு வரும் கடமையில் ஒன்றையாவது கேட்பேன். சுவரைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்கமாட்டேன், அது முடியாது என்பதை மேலே சொல்லிவிட்டேன். பதிவைக் கேட்பேன். எந்தச் சுவரில், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, யார், எந்த வண்ணங்களால் வரைந்தார், அடியில் யாருடைய ஓவியம் இருக்கிறது என்பதை யாரும் பார்க்கக்கூடிய ஏடாக வைத்திருக்க வேண்டும். ஃப்யூச்சுராவும் லேடி பிங்கும் வரைந்த ரயில்பெட்டிகளில் ஒன்றுகூட இன்று ஓடவில்லை. நியூயார்க் போக்குவரத்துத் துறை எல்லாவற்றையும் கழுவி, 1989 மே மாதத்தில் கடைசி வண்ணப்பெட்டியையும் ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. அவர்களை நாம் இன்று அறிந்திருப்பதற்குக் காரணம் மார்த்தா கூப்பர், ஹென்றி சால்ஃபன்ட் போன்றோர் தண்டவாள ஓரங்களில் காத்திருந்து எடுத்த ஒளிப்படங்கள். அந்த வேலையை அன்று எந்த நிறுவனமும் அவர்களிடம் ஒப்படைக்கவில்லை.

ஆகவே உங்கள் நண்பரின் படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். எடுத்த நாள், சுவர் எந்தத் திசையைப் பார்த்தது, வலப்பக்கத்தில் யாருடைய ஓவியம் இருந்தது என்பதை நினைவிருக்கும்போதே எழுதிவையுங்கள். என்னைப் போன்றவர்களுக்கு ஓவியத்தின் நடுப்பகுதியைவிட இந்தக் குறிப்புகளே பிற்காலத்தில் உதவும். அந்தப் படத்தை அச்சிட்டு விற்க எண்ணினால் மட்டும் ஓவியரிடம் கேளுங்கள், ஏனென்றால் சுவர் போனாலும் பதிப்புரிமை அவரிடமே இருக்கிறது. மியாமியின் அஹோல் ஸ்னிஃப்ஸ் க்ளூ என்ற ஓவியர் தம் தூங்குமூஞ்சிக் கண்களை விளம்பரத்தில் பயன்படுத்திய பெரிய ஆடை நிறுவனத்தின் மேல் 2014இல் வழக்குத் தொடுத்தார், அது சமரசத்தில் முடிந்தது. மறுபடி போகும் வாய்ப்பு வந்தால், கண்காட்சி திறந்த பிறகு போகாமல் நவம்பர் இறுதியில் போய்ப் பாருங்கள். ஓவியர்கள் தூக்கு மேடையில் நின்று வேலை செய்துகொண்டிருப்பார்கள், வளாகத்துக்கு வெளியே சீட்டு இல்லாத தெருக்களிலும் அதே வாரத்தில் புதுச் சுவர்கள் எழும். அப்போது ஓவியத்தின் ஓரத்துக்குச் செல்லுங்கள். பலமுறை வரையப்பட்ட சுவரில், மூலையிலோ கதவு நிலையை ஒட்டியோ, வண்ணம் தடித்து ஏடு ஏடாகப் பிளந்திருக்கும் இடம் ஒன்று அநேகமாக இருக்கும். அந்தப் பிளவில் நீலம், வெள்ளை, சிவப்பு, மறுபடி வெள்ளை என்று மெல்லிய வரிகளை எண்ணலாம். ஒவ்வொரு வெள்ளையும் ஒரு ப்ரைமர், அதன் அடியில் இருக்கும் வரி அதற்கு முன் அந்தச் சுவரில் இருந்தவருடையது. நீங்கள் தேடிச் சென்ற ஓவியமும் அந்த வரிகளில் ஒன்றாக இன்னும் அங்கேயே இருக்கக்கூடும்.